விருந்தாளியும் தொண்டனும்: பள்ளிப் பரிவர்த்தனையில் சேவையின் இடம்

பதினாறு, பதினேழு வயது மாணவரை அயல்நாட்டுப் பள்ளியொன்றுக்குச் சில வாரங்களோ ஓராண்டோ அனுப்பி, அங்கே பாடம் படிப்பதோடு அமையாமல் அவ்வூராருக்குத் தொண்டும் செய்து திரும்பச் சொல்லும் ஏற்பாடு, இன்று உலகின் பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. அதனை ஆதரிப்போர் மாணவரை எங்ஙனம் ஊக்குவிப்பது என்பது பற்றி மிகுதியாகப் பேசுகிறார்கள். சான்றிதழ், பதக்கம், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் சேர்க்கத்தக்க ஒரு வரி என்பனவே பெரும்பாலும் அவர்கள் கைக்கொள்ளும் சாதனங்கள். என் அபிப்பிராயம் வேறு. தான் கை வைக்காவிட்டால் ஒரு வேலை நின்றுபோகும் என்பதை ஓர் இளைஞன் ஐயமற உணரும் சந்தர்ப்பத்தை அமைத்துக் கொடுத்தால், அவனுக்கு வேறு தூண்டுதல் வேண்டியதில்லை. அச்சந்தர்ப்பம் அமையாத இடத்தில் எத்தனை பதக்கம் சூட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பாவிலிருந்து பரிவர்த்தனையில் வந்திருந்த மாணவர் குழுவொன்றுக்குத் துணையாக, மலையடிவாரக் கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். சுவருக்கு வெள்ளையடித்து அதன்மேல் சித்திரம் தீட்டுவது அவர்களுக்கு வகுக்கப்பட்ட சேவை. ஒரு பெண் பழைய பூச்சைச் சுரண்டியபோது அடியில் பச்சைக் கிளி ஒன்றின் இறக்கை தெரிந்தது. இன்னும் சுரண்டினாள், கிளிக்கும் கீழே யாரோ தீட்டிய சூரியன் அரைவட்டமாய் வெளிப்பட்டது. மூன்று ஆண்டுகளில் மூன்று குழுக்கள் அதே சுவருக்குத் தொண்டு செய்திருந்தன. அப்போது சத்துணவு சமைக்கும் அம்மாள் கையைப் புடைவையில் துடைத்துக்கொண்டே வந்து, "செவுரு கெடக்கட்டும் சார், இந்தக் கொழாய யாராச்சும் பாத்துக் குடுத்தா புண்ணியமாப் போவும். புள்ளைங்க தட்டு கழுவத் தோட்டத்துக் கெணத்துக்குப் போவுதுங்க" என்றாள். குழாய் வேலை திட்டத்தில் இல்லை என்று குழுத்தலைவர் பதில் சொன்னார். அப்பெண் சுரண்டுகோலைப் பிடித்தபடி, குழாயையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பார்வைக்குத் தக்க விடையைத் தேடினால், ஜெர்மானியக் கல்வியாளர் குர்ட் ஹானின் பிரயத்தனங்கள் நினைவுக்கு வருகின்றன. 1920இல் ஜெர்மனியில் ஸாலெம் பள்ளியைத் தொடங்கியவர். ஹிட்லரை எதிர்த்ததன் காரணமாக 1933இல் சிறைப்பட்டு, விடுதலையானபின் பிரிட்டனை அடைந்து, 1934இல் ஸ்காட்லாந்தின் கடலோரத்தில் கார்டன்ஸ்டவுன் பள்ளியை நிறுவியவர். இளைஞர்களிடம் இரக்க உணர்ச்சி தேய்ந்து வருகிறது என்று கவலைப்பட்ட அவர், அதற்கு உபதேசத்தை மருந்தாகக் கருதவில்லை; கரையோரக் காவல், தீயணைப்பு, மலையில் வழிதவறியோரைத் தேடுதல் போன்ற, உயிர் சம்பந்தப்பட்ட பொறுப்புக்களையே அவர்கள் கையில் ஒப்படைக்க விரும்பினார். 1953இல் அயோனியத் தீவுகளைப் பெரும் பூகம்பம் குலைத்தபோது, அவருடைய கொள்கையைத் தழுவிய பள்ளிகளின் மாணவர் கெஃபலோனியாவுக்குச் சென்று புனரமைப்பு வேலையில் ஈடுபட்டனர். அந்த அனுபவமே 1966இல் 'ரவுண்ட் ஸ்குயர்' என்னும் பள்ளிக் கூட்டமைப்பு உருவாவதற்கு வித்தாயிற்று. நம் நீலகிரியின் லவ்டேல் லாரன்ஸ் பள்ளியும் அக்கூட்டமைப்பைச் சேர்ந்ததே.

ஆயினும் ஹானின் எண்ணம் முழு உருவம் பெற்றது, 1962இல் வேல்ஸ் நாட்டுச் செயின்ட் டொனாட்ஸ் கோட்டையில் தொடங்கிய அட்லாண்டிக் கல்லூரியில்தான் என்பேன். பல தேசத்து மாணவர் பதினாறு வயதில் வந்து இரண்டாண்டு உடனுறைந்து படிக்கும் அவ்விடத்தின் முன்னே விரிந்து கிடப்பது பிரிஸ்டல் கால்வாய். ஏற்றவற்றத்தின் வேறுபாடு உலகிலேயே மிக அதிகமான கடற்பரப்புக்களுள் ஒன்று. அங்கே 1963 முதல் 2013 வரை ஐம்பது ஆண்டுகள், பிரிட்டனின் அரச உயிர்காப்புப் படகு ஸ்தாபனத்தின் நிலையமொன்றை மாணவர்களே படகேறி நடத்திவந்தனர். அபாயச் செய்தி வந்தால், கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுச் சாய்தளத்தின் வழியே படகை அலைக்குள் தள்ள வேண்டியவன், சில மாதங்களுக்கு முன்வரை கடலையே பாராதவனாக இருக்கக்கூடும். 1969இல் பதினெட்டு வயது மாணவி ஒருத்தி அங்கே படகுக் குழுவில் சேர்ந்தது, அந்த ஸ்தாபனத்தின் சரித்திரத்திலேயே ஒரு பெண் அவ்வாறு சேர்ந்த முதல் நிகழ்ச்சி.

இன்னொரு விசேஷமும் உண்டு. காற்றடைத்த ரப்பர்ப் படகுகளின் அடித்துணி கூழாங்கற்களில் உராய்ந்து ஓயாமல் கிழிந்துவந்தது. கல்லூரியின் முதல் தலைமையாசிரியரும் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதியுமான டெஸ்மண்ட் ஹோர், மாணவர்களோடு ஆண்டுக்கணக்கில் பரீட்சித்து, அடியில் திண்ணிய பலகையைப் பொருத்தும் முறையைக் கண்டார். இன்று உலகெங்கும் மீட்புப் பணியில் ஓடும் கடின அடிக் காற்றுப் படகின் பிறப்பு அதுவே. அதன் உரிமையை அவர் ஒரு பவுண்டுக்கு உயிர்காப்பு ஸ்தாபனத்துக்கு விட்டுக்கொடுத்தார். இளைஞரிடம் உண்மையான வேலையைக் கொடுத்தால் அவர்கள் அவ்வேலையின் கருவியையே மாற்றியமைக்கும் அளவுக்கு அதில் தோய்வார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சியை நான் அறியேன். இங்கே பயிற்சி முந்திற்று, சேவை பிந்திற்று என்பதையும் நாம் மறக்கலாகாது. கயிறு முடியவும், குளிரில் நீந்தவும், மூச்சற்றவனுக்கு முதலுதவி செய்யவும் கல்லாதவன் படகில் ஏற அனுமதிக்கப்படவில்லை.

வேலை உண்மையானதாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது, அவ்வூராரின் சம்மதமும் வேண்டும். ஸ்விட்சர்லாந்துப் பொறியாளரும் சமாதானவாதியுமான பியேர் செரெஸோல், 1920இல் வெர்துன் போர்க்களத்தை அடுத்த எஸ்ன் கிராமத்தில், ஜெர்மானியர் உள்ளிட்ட தொண்டர்களுடன் இடிந்த வீடுகளைச் சீரமைக்கத் தொடங்கினார். நோக்கம் உத்தமமானது, எனினும் ஆறாத புண்ணோடிருந்த உள்ளூரின் எதிர்ப்பினால் அம்முகாம் சில மாதங்களில் கலைய நேர்ந்தது. அதே செரெஸோல், 1934 ஜனவரி 15 அன்று பீகாரைச் சிதைத்த பூகம்பத்துக்குப் பின் இந்தியா வந்தபோது, ராஜேந்திர பிரசாத்தின் தலைமையில் ஏற்கெனவே நடந்துவந்த நிவாரண முயற்சியோடு இசைந்து, வீடிழந்த கிராமத்தாருடன் மண் சுமந்தார். அவருடைய தோழர்கள் வயது வந்தோர், மாணவர் அல்லர். ஆனால் பாடம் நமக்கும் பொருந்துவதே. வேலையின் தலைமை ஊராரிடத்தில் இருந்தது, வந்தவர் கைகொடுத்தார்.

இப்பாடத்தைப் புறக்கணிப்பதால் விளையும் கேடு சிறிதன்று. தென்கிழக்காசியாவிலும் நேபாளத்திலும் சில 'அநாதை இல்லங்கள்', வருகை தரும் அயல்நாட்டு இளைஞரின் இரக்கத்தையும் நன்கொடையையும் நம்பி, பெற்றோர் உள்ள குழந்தைகளையே திரட்டி வைத்திருந்தது வெளிப்பட்டது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழுவொன்று 2017இல் வெளியிட்ட அறிக்கை, இதனை நவீன அடிமைத்தனத்தோடு சேர்த்தே ஆராய்ந்தது. பத்து நாள் கொஞ்சிவிட்டுப் பிரியும் அக்காள்களும் அண்ணன்களும் ஆண்டுதோறும் மாறி மாறி வருவதைக் காணும் ஒரு குழந்தையின் மனம் என்ன பாடுபடும் என்பதை, பிள்ளை பெற்ற எவரும் உணர்வர். பள்ளிப் பரிவர்த்தனையில் குழந்தைகள் இல்லத்தைச் சேவைக்களமாக வைப்பதை நான் வெளிப்படையாகக் கண்டிக்கிறேன்.

இனி, பரிவர்த்தனையின் செலவைப் பற்றிய ஆட்சேபம் நியாயமானது. விமானக் கட்டணம் செலுத்த வல்லவன் மட்டுமே தொண்டனாகலாம் என்றால் தொண்டு ஒரு போகப் பொருளாகிவிடும். இதற்கு முழு விடை என்னிடம் இல்லை. ஆனால் அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸின் வரலாறு ஒரு பாதி விடையைத் தருகிறது. முதல் உலகப் போரில் பிரான்ஸில் காயமுற்றோரை ஏற்றிச்சென்ற தொண்டர் படையாகப் பிறந்த அந்த ஸ்தாபனம், இரண்டாம் போரும் முடிந்த பின்னர், 1947இல், பத்து நாடுகளைச் சேர்ந்த 52 மாணவரை அமெரிக்கக் குடும்பங்களில் தங்கவைத்துப் பரிவர்த்தனையைத் தொடங்கிற்று. அன்றுமுதல் அம்முறையைத் தாங்கி நிற்பவர்கள், கூலி கருதாமல் அயலான் பிள்ளைக்குச் சோறிட்டு வளர்க்கும் குடும்பத்தாரே. ஆகவே, அயல்நாடு செல்லும் மாணவன் முதலில் தொண்டைப் பெறுகிறான். ஊர் திரும்பியபின் தன் ஊருக்கு வரும் அந்நியப் பிள்ளைக்கு மொழி சொல்லிக் கொடுத்தும், மருத்துவமனைக்குக் கூட்டிச் சென்றும் அக்கடனை அவன் தீர்க்கலாம். விமானமேற வகையற்ற அவன் வகுப்புத் தோழனும் இதில் சரிசமமாகப் பங்கு கொள்ளலாம், அதற்குக் காசு வேண்டியதில்லை.

சேவையை எங்ஙனம் அளப்பது என்பதும் ஒரு கேள்வி. ஜெனீவாவில் 1968இல் தோன்றிய சர்வதேசப் பட்டயப் படிப்பில் (ஐ.பி.) சேவையும் ஓர் அங்கம். முன்னர் சேவையையும் அதன் சகோதர அங்கங்களையும் 150 மணி என்று அளந்துவந்தவர்கள், பின்னர் அம்மணிக்கணக்கைக் கைவிட்டனர். சரியான முடிவு என்றே கருதுகிறேன். மணிக்கணக்கு ஒழிந்தால் மட்டுமே, புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே அவ்வூர்ப் பேச்சில் நூறு சொற்களையாவது கற்பதும், போய்ச் சேர்ந்த முதல் வாரம் எந்த வேலையும் தொடாமல் தலைமையாசிரியரையும் சமையற்காரியையும் காவற்காரரையும் விசாரித்து நடப்பதும் சேவையின் பகுதி என்று ஏற்கப்படும்.

அந்த மலையடிவாரப் பள்ளியில், கடைசிக்கு முந்தின நாள் காலை, அப்பெண் யாரையும் கேளாமல் ஊரின் பம்பு மெக்கானிக்கோடு குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் செய்ததெல்லாம், தேய்ந்துபோன வாஷருக்கு மாற்றுத் தேடிப் பேருந்தில் டவுன் கடைக்குப் போய்வந்ததும், அவர் மரையைத் திருகும்போது கீழ்ப்பக்கத்தை ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டதும்தான். குழாய் இருமுறை துப்பி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. சமையல் அம்மாள் நன்றி ஏதும் சொல்லவில்லை. அடிப்பிடித்த சாம்பார் அண்டாவை நகர்த்திக்கொண்டு வந்து அப்பெண்ணின் முன்னே வைத்து, தேங்காய் நாரையும் அவள் கையில் கொடுத்தாள்.