குனிந்தவர்களும் குனியாதவர்களும்

ஆங்கிலத்தில் 'பௌ' என்று ஒரு சின்னச் சொல் உண்டு. உடலை வளைத்து வணக்கம் சொல்வது என்று பொருள். அதே எழுத்துகளை 'போ' என்று உச்சரித்தால் அம்பு எய்யும் வில்! வயலின் வாசிக்கும் வில்லும், ரிப்பனில் போடும் பூ முடிச்சும் அதுவே. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: வளைதல். நெருக்கடிக்குப் பணிந்துபோவதையும், மேடையை விட்டுக் கௌரவமாக விலகுவதையும்கூட இந்தச் சொல்லை வைத்தே சொல்கிறார்கள்.

குனிவதற்கு ஆங்கிலத்தில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. 'கௌடௌ'. கூழைக்கும்பிடு போடுவது என்பதுதான் இதற்கு இன்றைய அர்த்தம். ஆனால் இது சீனாவிலிருந்து போன சொல். 'தலையைத் தரையில் தட்டுதல்' என்பது நேரடிப் பொருள். பிள்ளைகள் பெற்றோருக்கும், குடும்பத்தார் முன்னோர்களுக்கும் செய்த மரியாதை அது. பேரரசர் முன்னால் என்றால் 3 முறை மண்டியிட்டு, ஒவ்வொரு முறையும் 3 தடவை நெற்றியைத் தரையில் வைக்க வேண்டும். மொத்தம் 9 தடவை. அங்கே அது அவமானம் அல்ல, வழக்கம்.

மரியாதைச் சொல் எப்படி வசைச் சொல் ஆனது? அதற்கு 1793-க்குப் போக வேண்டும்.

அப்போது இங்கிலாந்துக்குத் தேயிலை மேல் தீராத ஆசை. 1784-ல் தேயிலை வரியை 12.5 சதவீதமாகக் குறைத்த பிறகு விற்பனை எகிறியது. தேயிலை கிடைத்ததோ சீனாவில் மட்டும்தான். 1757 முதல் மேற்கத்தியக் கப்பல்கள் கான்டன் என்ற ஒரே துறைமுகத்தில்தான் வியாபாரம் செய்யலாம். இங்கிலாந்தின் கம்பளித் துணிக்குச் சீனாவில் பெரிய கிராக்கி இல்லை. எனவே தேயிலைக்கு வெள்ளியைக் கொட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

இதைச் சரிசெய்யத்தான் மெக்கார்ட்னி பிரபு தூதராக அனுப்பப்பட்டார். 1781 முதல் 1785 வரை சென்னையில் கவர்னராக இருந்த அதே மெக்கார்ட்னி! செலவை ஏற்றது கிழக்கிந்தியக் கம்பெனி. கடிகாரங்கள், கோள்களின் சுழற்சியைக் காட்டும் இயந்திரம், குதிரை வண்டிகள் என்று பரிசுப் பொருட்கள் மட்டும் சுமார் 600 பொதிகள். கூடுதல் துறைமுகங்கள், பெய்ஜிங்கில் நிரந்தரத் தூதர், சரக்கு வைக்க ஒரு சிறு தீவு ஆகியவை அவர் கேட்க வந்தவை.

பேச்சு வணக்கத்தில் வந்து முட்டியது. தன் அரசர் முன்னால் செய்வதுபோல ஒரு காலை மட்டும் மண்டியிடுவேன், அதற்கு மேல் முடியாது என்றார் மெக்கார்ட்னி. 1793 செப்டம்பர் 14 அன்று ஜெஹோலில் பேரரசர் சியான்லுங்கைச் சந்தித்தார். விருந்து கிடைத்தது, பரிசும் கிடைத்தது. கேட்டது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எங்களிடம் எல்லாம் இருக்கிறது, உங்கள் சரக்கு தேவையில்லை என்ற கருத்தில் இங்கிலாந்து மன்னருக்குக் கடிதம் போனது.

"குனிந்திருந்தால் கிடைத்திருக்குமோ?" என்று தோன்றலாம். அதற்கும் வரலாற்றில் பதில் உண்டு. 1795-ல் டச்சுக்காரர்களின் தூதராக ஐசக் டிட்சிங் பெய்ஜிங் வந்தார். சொன்ன இடத்தில் எல்லாம் தலையைத் தரையில் தட்டினார். வியாபாரச் சலுகை? எதுவும் இல்லை! 1816-ல் ஆம்ஹர்ஸ்ட் பிரபு வந்தார், மறுத்தார், பேரரசரைப் பார்க்காமலே திருப்பி அனுப்பப்பட்டார். குனிந்தவருக்கும் பூஜ்யம், குனியாதவருக்கும் பூஜ்யம்.

ஆக, சிக்கல் முழங்காலில் இல்லை. கணக்குப் புத்தகத்தில் இருந்தது. வாங்க ஆசைப்பட்டவர்களிடம் விற்கச் சரக்கு இல்லை. அந்தப் பற்றை நேர்செய்யக் கிடைத்த சரக்குதான் அபின். இந்தியாவில் கம்பெனி விளைவித்து, கல்கத்தாவில் ஏலம் விட்டு, தனி வியாபாரிகள் மூலம் சீனாவுக்குள் கடத்தப்பட்டது. சீன அரசு தடுத்தபோது 1839-ல் போர் வந்தது. 1842-ல் நான்ஜிங் ஒப்பந்தம். 5 துறைமுகங்கள் திறக்கப்பட்டன, ஹாங்காங் பறிபோனது, 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் தண்டம் வேறு.

வேடிக்கை என்னவென்றால், போர் நடந்துகொண்டிருந்த 1841-லேயே அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ், இந்தப் போருக்குக் காரணம் அபின் அல்ல, கௌடௌதான் என்று ஓர் உரையில் வாதிட்டார். போதைப்பொருள் விற்கப் போர் செய்தோம் என்பதைவிட, தன்மானத்துக்காகப் போர் செய்தோம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? 'ஆணவம் பிடித்த சீனா' என்ற பிம்பத்தோடு சேர்ந்து அந்தச் சொல்லும் வசையாகிப் போனது.

1873-ல் பேரரசர் டோங்ஜி வெளிநாட்டுத் தூதர்களைச் சந்தித்தார். யாரும் மண்டியிடவில்லை. நின்றபடி வெறும் 'பௌ' மட்டும்தான். அதற்குள் வளைய வேண்டியது எல்லாம் வளைந்து முடிந்திருந்தது. வளைந்தது தூதர்களின் முதுகு அல்ல, ஒரு நாடு.