பபூனுக்குப் பிரதி கிடையாது

தாயில்பட்டி மாதிரியான ஊரில் கோயில் பொங்கலுக்கு ஸ்பெஷல் நாடகம் என்றால், சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்ததும் ஆட்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "பபூன் யாருப்பா?" ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார் என்பதெல்லாம் அப்புறம்தான். வள்ளி திருமணம் என்ன கதை என்று ஊருக்கே தெரியும். பபூன் என்ன பேசப்போகிறார் என்பது யாருக்கும் தெரியாது. பல நேரம் அவருக்கே தெரியாது. "ஆளு புதுசு, ஆனா நல்லாப் பேசுறாப்ல, போய்ப் பாருங்க" என்று ஒருவர் சொல்கிற வாய்வழிச் சிபாரிசையும் ஒரு விமர்சனச் செயல்பாடாகக் கொள்ளவேண்டும் என்பதே இங்கு நமது வாதம். நம்முடைய நாடக வரலாறுகள் பெரும்பாலும் பிரதிகளின் வரலாறுகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன. பிரதி இல்லாதவனுக்கு அதில் இடமில்லை.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) புராணக் கதைகளை நாடகப் பிரதிகளாக்கினார்; 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பாய்ஸ் கம்பெனிகள் மனப்பாடத்தையும் ஒத்திகையையும் கட்டுப்பாட்டையும் கோரின. ஸ்பெஷல் நாடகத்தின் ஏற்பாடு வேறு. நடிகர்கள் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டு, அன்றிரவு மேடையில்தான் ஒன்றுசேர்கிறார்கள். ஒத்திகை கிடையாது. சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லோர் மனத்திலும் பொதுவாக இருப்பதால் இது சாத்தியமாகிறது. இரவு பத்து மணி வாக்கில் முதலில் வருகிற பபூனுக்கு மட்டும் அந்தப் பொதுப்பிரதி உதவாது. விடியும்வரை உட்காரவேண்டிய சனத்தை அவர் தன் வாயை நம்பித்தான் பிடித்துவைக்கவேண்டும். தெருக்கூத்தின் கட்டியங்காரனும் இவருக்கு உறவுதான். ராஜா வருகிறார் என்று கட்டியம் சொல்பவனும் அவனே, அந்த ராஜாவைக் கேலி பண்ணுபவனும் அவனே.

அதிகாரத்துக்குத் தடை செய்ய ஒரு பிரதி வேண்டும். 1876இல் கல்கத்தாவின் கிரேட் நேஷனல் தியேட்டர், வேல்ஸ் இளவரசருக்குத் தன் வீட்டுப் பெண்களைக் கொண்டு வரவேற்பு கொடுத்த ஒரு வக்கீலைக் கேலி செய்து சிறிய பிரகசனம் ஒன்றைப் போட்டது. அதே ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்துவிட்டது. நாடகத் தணிக்கைச் சட்டத்தைப் பெற்றெடுத்தது மாபெரும் துன்பியல் நாடகம் எதுவுமில்லை, ஒரு நகைச்சுவைத் துணுக்கு என்பது கவனிக்கத்தக்கது. 1954இல் எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகத்தை எதிர்கொள்ள சென்னை ராஜ்யம் தனக்கென்று ஒரு சட்டம் செய்துகொண்டது. ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல்தான் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. எழுதிக் கொடுக்காமல் பேசுகிறவனைச் சட்டத்தால் முன்கூட்டியே பிடிக்க முடியாது. ஆனால் ஆவணத்தில் அகப்படாதவன் வரலாற்றிலும் அகப்படுவதில்லை. பபூன் இதற்குக் கொடுத்த விலை இது.

சட்டம் செய்யாததைச் சந்தை செய்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியிலிருந்து சினிமாவுக்குப் போன என்.எஸ். கிருஷ்ணன், கதையோடு ஒட்டியும் ஒட்டாமலும் ஓடுகிற தனி நகைச்சுவைப் பகுதியைத் தன் களமாக்கிக்கொண்டார். மேடைத் துணுக்கின் சுதந்திரம் அதில் கொஞ்சம் மிச்சமிருந்தது. 2005இல் விஜய் டி.வி. தொடங்கிய 'கலக்கப்போவது யாரு' திருவிழா மேடைகளில் பலகுரல் செய்துகொண்டிருந்த இளைஞர்களை வீடுவீடாகக் கொண்டுபோனது. நல்லதுதான். ஆனால் அதற்கப்புறம் நோட்டீஸில் பெயருக்கு முன்னால் 'டி.வி. புகழ்' என்ற அடைமொழி ஏறிக்கொண்டது. டி.வி. பார்த்த முகத்தையே விழாக் கமிட்டியும் கேட்டால், புது ஆள் எங்கே போய்ப் பழகுவது? சிபாரிசு செய்யும் உரிமை டீக்கடையிலிருந்து ஸ்டூடியோவுக்கு இடம்பெயர்ந்ததன் வரலாறு இது.

இதைச் சொல்லும்போது பபூனைப் புனிதப்படுத்திவிடக் கூடாது. பக்தினின் 'கார்னிவல்' என்ற சொல்லை நம்மூர்ப் பொங்கல் மீது அப்படியே ஒட்டிவிட முடியாது. பபூனோடு சேர்ந்து ஆட வருகிற பெண், மேடையில் இரட்டை அர்த்தத்துக்கும் ஊருக்குள் 'கூத்தாடி' என்ற ஏச்சுக்கும் சேர்த்துத்தான் சம்பளம் வாங்குகிறாள். சாதிப் பேச்சுவழக்கை நக்கலடிப்பதும் நகைச்சுவை என்றே போய்விடுகிறது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று கேட்காத சிபாரிசு வெறும் விளம்பரம்.

வேறுவிதமாகச் சிரிக்கமுடியும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. 1989 புத்தாண்டு நாளில் தில்லிக்கு அருகே சாகிபாபாத்தில் தொழிலாளர்கள் மத்தியில் வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்த சப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டார், மறுநாள் இறந்தார். 1990இல் நாடெங்கும் கிளம்பிய அறிவியல் கலைப்பயணமும், அதை ஒட்டி வந்த அறிவொளி இயக்கமும் பேர் தெரியாத எத்தனையோ இளைஞர்களையும் பெண்களையும் தெருமுனையில் நிறுத்தி, ரேஷன் கடையையும் கைநாட்டையும் வைத்துச் சிரிக்கச் செய்தன. யாரும் அவர்களுக்கு முன்னால் புகழ்மாலை கட்டவில்லை. கூட்டம் நின்றது, அவ்வளவுதான்.

இப்போது தாயில்பட்டிக்குத் திரும்புவோம். 'பயராபீஸ்' வேலைதான் இந்த வட்டாரத்தின் சோறு. 2021 ஜூனில் இதே ஊரில் வீட்டில் வைத்த வெடிமருந்து வெடித்துக் குழந்தை உட்பட உயிர்கள் போயின. சாவைச் சிரிப்பாக்கச் சொல்லவில்லை. ஆனால் லைசென்ஸ் ஒரு பேரில், குத்தகை இன்னொரு பேரில், செத்தவர் கணக்கு யார் பேரிலும் இல்லை என்கிற நாடகத்தை அந்த மருந்தைக் கையில் தொட்ட ஒரு பெண்ணோ பையனோ மேடையில் பேசிக்காட்டினால், அந்தச் சிரிப்பு எங்கே போய்க் குத்தும் என்பதை முதலாளியும் அறிவார். விளம்பரதாரர் தயவில் நடக்கிற நிகழ்ச்சியில் அதற்கு இடம் கிடைக்காது. பொங்கல் மேடையில் கிடைக்கலாம்.

ஆகவே எழுதுகிறவர்களும் இயக்கத்தில் இருப்பவர்களும் செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. விழாக் கமிட்டியில் நமக்குத் தெரிந்தவர் இருந்தால் முதல் அரைமணி நேரத்தைப் புது ஆளுக்குக் கேட்டு வாங்குவது. சங்கக் கூட்டத்தில் பேச்சாளர் ஒருவரைக் குறைத்துத் துணுக்கு நாடகம் ஒன்றை வைப்பது. சும்மா கூப்பிடாமல் கூலி கொடுப்பது. போய்த் தரையில் உட்கார்ந்து பார்ப்பது. நல்லா இருந்தால் பேர் சொல்லி எழுதுவது, இல்லையென்றால் ஏன் இல்லை என்று அவரிடமே சொல்வது. அடுத்த நோட்டீஸ் சுவரேறும்போது "பபூன் யாருப்பா?" என்று எவராவது கேட்பார். பதில் சொல்ல நம்மிடம் ஒரு புதுப் பேர் இருக்கவேண்டும்.