ட்ரூயிட்களின் இலையுதிர்காலமும் ஒரு டுபாக்கூர் கல்தச்சரும்

லண்டன்ல ஆன்சைட் இருந்தப்போ எங்க டீம்ல ஒரு வெள்ளைக்கார அம்மணி இருந்தாங்க. வயசு ஐம்பதுக்கு மேல, டெஸ்டிங்ல புலி. செப்டம்பர் பிறந்ததும் ஒரு சின்ன நோட்டு அவங்க மேஜைக்கு வந்துடும். இன்னிக்குச் சூரியன் எத்தனை மணிக்கு மறைஞ்சது, பக்கத்துப் பூங்கா ஓக் மரத்துல எந்தப் பக்கம் இலை பழுத்திருக்கு, கொட்டை விழ ஆரம்பிச்சாச்சா... தினமும் ரெண்டு வரி எழுதுவாங்க. என்னங்க இதுன்னு கேட்டேன். "நான் ஒரு ட்ரூயிட்"ன்னாங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரே ட்ரூயிட், ஆஸ்டெரிக்ஸ் காமிக்ஸ்ல வெள்ளைத் தாடியோட கஷாயம் காய்ச்சுற தாத்தா. சிரிப்பை அடக்கிக்கிட்டேன் :-)

பகலும் இரவும் ஏறக்குறைய சமமா வர்ற அந்த செப்டம்பர் நாளில் என்னையும் ப்ரிம்ரோஸ் குன்றுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ரீஜண்ட்ஸ் பார்க்குக்கு வடக்கே இருக்குற சின்னப் புல் மேடு. வெள்ளை அங்கி போட்ட ஒரு கூட்டம் வட்டமா நின்னு சடங்கு செஞ்சுட்டு இருந்தது. இவங்க அதுல சேரலை, தள்ளி நின்னு பார்த்தாங்க. அந்த நாளுக்கு 'ஆல்பன் எல்வெட்'னு பேராம். ரெண்டாயிரம் வருஷத்துப் பழக்கம்னு பக்கத்துல நின்ன ஒருத்தர் அடிச்சு விட்டார். சும்மா இருப்பேனா? வீட்டுக்கு வந்ததும் தோண்ட ஆரம்பிச்சேன்.

பழைய ட்ரூயிட்கள் தங்களைப் பத்தி ஒரு வரி எழுதி வைக்கலை. இருபது வருஷம் மனப்பாடம் பண்ணிப் படிப்பாங்க, எழுதக் கூடாதுங்கறது கொள்கைன்னு ஜூலியஸ் சீசர் சொல்றார். நாளைக் கூட இரவுலேர்ந்துதான் கணக்கு வைப்பாங்களாம். ஓக் மரத்து மேல வளர்ற புல்லுருவியை பிறையின் ஆறாம் நாள் தங்க அரிவாளால அறுப்பாங்கன்னு பிளினி எழுதியிருக்கார். கி.பி. 60 வாக்குல வேல்ஸ் பக்கத்து மோனா தீவுல ரோமானியப் படை புகுந்ததை டாசிடஸ் சொல்றார். அவங்களைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல பெரும்பகுதி இப்படி ரோமானியர்கள் எழுதினதுதான். செப்டம்பர் சமநாள் பத்தி இதுல மூச்சே இல்லை. அயர்லாந்தின் இடைக்கால நூல்கள்ல ஒரு இலையுதிர்காலப் பண்டிகை நிஜமாவே வருது. ஆனா அது நவம்பர் தொடக்கத்துல வர்ற சவுன்.

அப்போ ஆல்பன் எல்வெட் எங்கேர்ந்து வந்தது? இங்கதான் நம்ம ஹீரோ என்ட்ரி.

பேரு எட்வர்ட் வில்லியம்ஸ். புனைபெயர் யோலோ மோர்கானுக். 1747ல் தெற்கு வேல்ஸின் கிளமார்கன்ல பிறந்தவர். கல் செதுக்குறது தொழில். ஆஸ்துமாவுக்காகக் குடிக்க ஆரம்பிச்ச அபின் டிஞ்சரைக் கடைசி வரை விடலை. வெல்ஷ் மொழியில அபாரமான கவிஞர். அதுதான் பிரச்னையே. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் டவித் அப் க்விலிமின் பாடல்களை 1789ல் லண்டன்ல அச்சுப் போட்டப்போ, 'புதுசாக் கிடைச்சது'ன்னு இவர் கொடுத்ததையும் சேர்த்தாங்க. எல்லாம் இவரே எழுதினது! அறிஞர்களே ஏமாந்தாங்க. 1920கள்ல கிரிஃபித் ஜான் வில்லியம்ஸ்னு ஒரு ஆய்வாளர் கையெழுத்துப் பிரதிகளோட உட்கார்ந்த பிறகுதான் குட்டு முழுசா உடைஞ்சது.

இந்த மனுஷன்தான், ட்ரூயிட் மரபு எங்க கிளமார்கன் கவிஞர்கள்கிட்ட அறுபடாம வந்திருக்குன்னு சொல்லி, 1792ல் ப்ரிம்ரோஸ் குன்றுல கூழாங்கல்லை வட்டமா வச்சு 'கோர்செத்'ங்கற கவிஞர் சபையைக் கூட்டினார். ஜூன்ல ஒரு தடவை, செப்டம்பர் 22 சமநாள்ல ஒரு தடவை. சமநாள்களுக்கும் கதிர்த்திருப்ப நாள்களுக்கும் ஆல்பன்னு தொடங்குற பேர்கள் வந்ததும் இவர் காகிதங்கள்லேர்ந்துதான்.

ஒரு ஆச்சரியம் பாருங்க. அதே 1792 செப்டம்பர் 22தான் பிரெஞ்சுக் குடியரசின் முதல் நாள். அடுத்த வருஷம் அவங்க போட்ட புது நாட்காட்டிக்கு வருஷப் பிறப்பே அந்த இலையுதிர்காலச் சமநாள்தான். யோலோவும் அந்தப் புரட்சியோட ரசிகர். ஆனா ரெண்டும் ஒரே நாள்ல விழுந்தது தற்செயல். பெரிய அரசாங்கம் போட்ட அந்த நாட்காட்டி 1806 ஜனவரி 1ல் கைவிடப்பட்டது. கல்தச்சரோட கூழாங்கல் வட்டம் இன்னும் ஓடுது. 1819ல் கார்மார்தன்ல வேல்ஸின் இலக்கிய விழாவான ஐஸ்டெத்வோடோட ஒட்டிக்கிட்ட கோர்செத், இன்னிக்கும் ஒவ்வொரு ஆகஸ்ட்டும் அங்கே அங்கி போட்டுக் கூடுது. பெரிய வாளைப் பாதி உருவி, அமைதியான்னு மூணு தடவை கேட்கறாங்க. அமைதின்னு கூட்டம் பதில் சொன்னதும் வாள் உறைக்குள்ள போயிடும்.

(அடிமைகள் விளைவிச்ச சர்க்கரையை விக்க மாட்டேன்னு தன் கடையில கிழக்கிந்தியச் சர்க்கரை வச்சு வித்தவரும் இவரேதான். இந்த ஆளை எந்தக் கட்டத்துல போடறதுன்னே தெரியலை.)

பக் கண்டுபிடிச்ச சந்தோஷத்தோட மறுநாள் அம்மணிகிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். அவங்க டீயை உறிஞ்சிக்கிட்டே கேட்டாங்க.

"யோலோவைப் பத்தி எனக்கு முன்னாடியே தெரியும். எங்கப்பா வேல்ஸ்காரர். அவர் சொன்ன கதைதான்."

அப்புறம் ஏன் இதெல்லாம்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்பா ஒரு அக்டோபர்ல போயிட்டாராம். கடிகாரத்தை ஒரு மணி பின்னாடி தள்ளுற வாரம். ஐந்து மணிக்கு முன்னாடியே இருட்டின அந்தச் சாயங்காலங்களை எப்படிக் கடக்கறதுன்னே தெரியலையாம். அடுத்த வருஷம் செப்டம்பர்லயே நோட்டு போட்டுட்டாங்க. இருட்டு திடீர்னு வரலை, தினமும் ரெண்டு மூணு நிமிஷமா வருதுன்னு அதுலதான் பார்த்தேன்னாங்க. அக்டோபர் 31 ராத்திரி மேஜையில ஒரு தட்டு கூடுதலா வைப்பாங்களாம்.

நான் எடுத்துட்டுப் போன பிரிண்ட் அவுட்டை மடிச்சுப் பையில வச்சிக்கிட்டேன்.

திரும்பி வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. செப்டம்பர்ல மெயில் வந்தா அதுல சூரியன் மறையற நேரமும் இருக்கும்.

கொசுறு: இன்னிக்கு நிறைய ட்ரூயிட்கள் கொண்டாடற எட்டுப் பண்டிகை வருஷச் சக்கரம் 1950, 60கள்ல உருண்டு திரண்டது. அதுல பங்கு உள்ள ரெண்டு பேர், 1964ல் தனி ட்ரூயிட் அமைப்பு தொடங்கின ராஸ் நிக்கல்ஸும், விக்கா மதத்தைப் பரப்பின ஜெரால்டு கார்ட்னரும். நண்பர்கள். இந்தக் கார்ட்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல சில வருஷம் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல!