கோலால் ஒலிக்கும் நரம்பு

கலஹாத் தோட்டங்களில் காமன் கூத்துக்குத் தப்படிப்போர் இரு குச்சிகளால் தோலை ஒலிப்பிப்பர். நரம்பையும் இவ்வாறு அடித்து இசைப்பதுண்டு. மேலைநாட்டு டல்சிமரும் காஷ்மீரச் சந்தூரும் அத்தகையன. மரப்பெட்டியின்மேல் இழுத்துக் கட்டிய கம்பிகளைச் சிறு கோல்களால் தட்டுவர். சுரந்தோறும் தனிக்கம்பி உண்டு.

விபுலானந்த அடிகள் தம் 'யாழ் நூல்' (1947) வழி ஆராய்ந்த பழந்தமிழ் யாழிலும் சுரத்துக்கொரு நரம்பே. அதுகொண்டு யாழை டல்சிமரின் தாய் எனல் பொருந்தாது. யாழ் விரலால் வருடப்பட்டது. வேற்றுமை அங்கேதான் உள்ளது.

தமிழர் நரம்பை அடிக்கவேயில்லை என்பதும் தவறு. வில்லுப்பாட்டில் வீசுகோல் நாணை அடிக்கிறது. ஆவுடையார்கோயிலில் வழங்கிய கெத்து என்னும் கருவியும் கோலால் அடிக்கப்படுவதே. ஆயின் இவ்விரண்டும் தாளத்துக்கே உரியன. காஷ்மீரத்துச் சூஃபி இசையில் வழங்கிய சந்தூரோ, 1955இல் சிவகுமார் சர்மாவால் பம்பாய் மேடையில் இராகத்துக்கு உரியதாயிற்று.