படி இல்லாத லோரி

ராசாவில் பெரியம்மா வீட்டு அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பிஸ்கட் டின் அகப்பட்டது. உள்ளே பொத்தான்கள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ஹாட்வீல்ஸ் பிக்கப். ஏழு வயதில் நான் உருட்டியது. வாசலில் கிடந்த அதன் மேல் ஒருநாள் மோட்டார் சைக்கிள் ஏறிவிட்டது. கூரை நசுங்கி, முன் அச்சு வளைந்து, ஒரு சக்கரம் காணாமல் போயிருந்தது.

"குப்பையில போட்டுறவா?" என்றார் பெரியம்மா. வேண்டாம் என்று வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடித்தகட்டில் 'மலேசியா' என்று பொறித்திருந்தது. விளையாடிய காலத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை.

சின்னக் கார்களைச் சேர்ப்பவர்களிடம் இரண்டு வழக்கம் உண்டு. சேதமான வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோலவே மீட்பது ஒன்று. அதே உடம்பை வைத்துக்கொண்டு, கடையில் கிடைக்காத வேறொரு வண்டியாக மாற்றுவது இன்னொன்று. இரண்டாவதைக் 'கஸ்டம்' என்பார்கள். எனக்கு முதல் வழி அடைபட்டிருந்தது. இந்தக் கார்கள் தகரத்தில் செய்தவை அல்ல. துத்தநாகத்தோடு கொஞ்சம் அலுமினியம் சேர்த்த கலப்புலோகத்தை உருக்கி, அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்தி வார்க்கிறார்கள். தகரம் என்றால் தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பைத் தட்டினால் விரிசல் விடும். நசுங்கிய கூரையை அறுத்தெடுக்கத்தான் வேண்டும். அறுத்த பிறகு அது பழைய பிக்கப்பாக இருக்க முடியாது.

பெரியம்மா பால்மரம் வெட்டிய தோட்டத்து லோரியாக அதை மாற்றுவது என்று முடிவு செய்தேன். விடியுமுன் பிரட்டுக் களத்திலிருந்து ஆள்களை ஏற்றிக்கொண்டு தூரத்து வெட்டுக்காட்டுக்குப் போன லோரி. அப்படி ஒன்றை எந்த விளையாட்டுச் சாமான் கடையிலும் நான் பார்த்ததில்லை.

சின்னக் கார்களின் வரலாற்றைப் பார்த்தால் அது ஏன் என்று ஓரளவு விளங்குகிறது. லண்டனில் 1947இல் தொடங்கிய லெஸ்னி நிறுவனத்தின் ஜாக் ஓடல், தன் மகளுக்காக ஒரு குட்டி சாலை உருளையைச் செய்தார். தீப்பெட்டிக்குள் அடங்கும் சாமானை மட்டுமே பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்பது அவள் பள்ளியின் விதி. அதிலிருந்து வந்ததுதான் 1953இல் மேட்ச்பாக்ஸ். அதே ஆண்டு எலிசபெத் அரசியின் முடிசூட்டு ரதத்தைக் குட்டியாக வார்த்து லெஸ்னி பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அமெரிக்காவின் மாட்டல் நிறுவனம் 1968இல் ஹாட்வீல்ஸைக் கொண்டுவந்தது. முதலில் வந்தவை 16 கார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை வடிவமைத்த ஹாரி பென்ட்லி பிராட்லி, ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்தவர். கலிபோர்னியாக்காரர்கள் பழைய கார்களை வாங்கித் தங்கள் கொட்டகைகளில் வெட்டி ஒட்டி மாற்றிய மோகம்தான் அந்தக் கார்களுக்கு அடிப்படை. பலவற்றின் பெயரே 'கஸ்டம்' என்றுதான் தொடங்கும். பிறகு மாட்டல் பினாங்கிலும் தொழிற்சாலை வைத்தது. 1997இல் மேட்ச்பாக்ஸும் மாட்டல் கைக்கு வந்தது.

ஆக, தங்கள் தெருவில் ஓடியதையும் தாங்கள் ஆசைப்பட்டதையும்தான் அவர்கள் வார்த்தார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. என் பிக்கப் மலேசியாவில் வார்த்த அமெரிக்க வண்டி. மலேசியாவில் ஓடிய தோட்டத்து லோரியை யாரும் வார்க்கவில்லை.

இத்தனைக்கும் காரும் தோட்டமும் சேர்ந்து வளர்ந்தவை. சுங்கை ஊஜோங் என்ற பழைய பெயரில் இந்த வட்டாரம் அறியப்பட்டபோது ராசா ஈயம் தோண்டும் இடம். சீனச் சுரங்கத் தொழிலாளர்களின் ஊர். சுற்றுப்புறக் காடுகளில் வெள்ளைக்காரர்கள் முதலில் போட்டது காப்பி. பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை விழுந்ததும் ரப்பருக்கு மாறினார்கள். மலாக்காவில் டான் சாய் யான் 1896இல் ரப்பரை வணிகப் பயிராக நட்டிருந்தார். 1908இல் ஃபோர்டின் மாடல் டி வந்தது. 1910இல் ரப்பர் விலை உச்சிக்குப் போனது. டயருக்குப் பால் வேண்டும், பாலுக்கு ஆள் வேண்டும். கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குக் கப்பலேறிப் போனார்கள். எங்கள் தாத்தாவின் அப்பா வந்ததும் அப்படித்தான்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இரண்டு பாட்டுகளிலும் விளையாட்டுத் தேர் வருகிறது. பட்டினப்பாலையில் பொன் அணிந்த காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டுகிறார்கள். கோழியை விரட்ட வீசிய காதணி அந்தத் தேரின் வழியை மறிக்கிறது. அவ்வளவு செல்வம். பெரும்பாணாற்றுப்படையில் வரும் தேரைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த தேர் அது. ஆனால் அதை உருட்டிக் களைத்துப் பால் குடித்துத் தூங்குவது வசதியான உழவர் வீட்டுப் பிள்ளைகள். தச்சன் பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். 1983இல் ஹாட்வீல்ஸ் சில வண்டிகளுக்கு மட்டும் பிளாஸ்டிக் சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர் டயர் போட்டது. இன்றும் ரப்பர் டயர் போட்டவை விலை கூடியவை. பால்மரம் வெட்டிய வீட்டில் வளர்ந்த நான் உருட்டியது பிளாஸ்டிக் சக்கரம்தான்.

வேலையைத் தொடங்கினேன். அடித்தகட்டை உடம்போடு இணைக்கும் இரண்டு ரிவெட்டுகளின் தலையைத் துளைத்தால் வண்டி நான்கைந்து துண்டுகளாகப் பிரியும். சாய நீக்கியில் ஊறவைத்துத் தேய்த்ததும் உலோகம் வெள்ளையாக வெளிப்பட்டது. ஓட்டுநர் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு பின்பக்கத்தை இரும்பு ரம்பத்தால் அறுத்தேன். புதுக் கூரையும் நீண்ட தட்டும் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டியவை. இடுக்குகளில் பட்டி பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடியும் பூச வேண்டும். ஆத்திரப்பட்டால் கெட்டுவிடும்.

அளவுதான் பெரிய பாடு. இந்தக் கார்களை 64இல் ஒரு பங்கு என்பார்கள். ஹாட்வீல்ஸ் அதைக் கறாராகப் பின்பற்றுவதில்லை. எல்லா வண்டியும் ஒரே பெட்டிக்குள் அடங்க வேண்டும். நான் கணக்குப் போட்டேன். லோரித் தட்டு தரையிலிருந்து 120 சென்டிமீட்டர் என்றால் எனக்கு 19 மில்லிமீட்டர். சக்கரம் 90 சென்டிமீட்டர் என்றால் 14 மில்லிமீட்டர். வேறொரு உடைந்த வண்டியிலிருந்து ரப்பர் டயர்களை எடுத்துப் போட்டேன். தட்டில் இரண்டு பக்கமும் பலகை இருக்கை, மேலே கேன்வாஸ் கூரை, பின்னால் இரண்டு அடுக்குப் படி. பச்சைச் சாயம் அடித்துக் கொண்டுபோய்ப் பெரியம்மா கையில் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இது எந்த எஸ்டேட்டு லோரி?"

"உங்களுதுதான் பெரியம்மா."

"எங்க லோரிக்கு ஏதுடா கூரை? மழை வந்தா நனைஞ்சிக்கிட்டேதான் போவோம். உக்கார்றதுக்குப் பலகையா? வாளியோட நின்னுக்கிட்டுத்தான் போகணும்." பிறகு பின்பக்கத்தைத் தடவினார். "படியெல்லாம் யாரு வச்சா? டயர் நடுவுல ஆணி இருக்கும்ல, அதுல ஒரு கால், டயர் மேல ஒரு கால். மேல நிக்கிறவங்க கையப் புடிச்சித் தூக்குவாங்க. ஏழு மாசத்திலயும் நான் அப்படித்தான் ஏறினேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. 19 மில்லிமீட்டர் என்று எழுதி வைத்தவன் நான்தான். அந்த உயரத்தில் ஒரு பெண் எப்படி ஏறியிருப்பாள் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. நான் பார்த்த பழைய தோட்டப் புகைப்படங்களில் துரையின் கார் பளிச்சென்று நிற்கிறது, பால் ஸ்டோர் இருக்கிறது, வரிசையாக நிறுத்திய ஆள்கள் இருக்கிறார்கள். லோரியில் ஏறும் ஆள் எதிலும் இல்லை. அந்த வெற்றிடத்தை நான் இன்றைய பள்ளி வேனை வைத்து நிரப்பியிருக்கிறேன். வசதி செய்துகொடுத்த தோட்டமாக அதை மாற்றியிருக்கிறேன். அந்தத் தோட்டமே இப்போது இல்லை, வீடமைப்புப் பகுதி. சரிபார்க்கப் பெரியம்மாவின் முழங்கால்தான் மிச்சம்.

ஒரு தோட்டத்தின் கதையை எல்லாத் தோட்டத்துக்கும் பொருத்தக்கூடாது என்பதும் தெரியும். பல இடங்களில் நடைதான். சில இடங்களில் டிராக்டர். என் லோரி ராசா பக்கத்து ஒரு தோட்டத்தின் லோரி, ஒரு பெண்ணின் நினைவில் இருக்கும் லோரி. அதற்கு மேல் அது எதையும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதையாவது சரியாகச் சொல்ல வேண்டும்.

கூரையைப் பிய்த்தேன். இருக்கைகளையும் படியையும் அறுத்தெடுத்தேன். அறுத்த தழும்பை மூடப் பட்டி பூசித் தேய்க்க இரண்டு நாள் ஆயிற்று. பெரியம்மாவின் பாதம் 22 சென்டிமீட்டர். இந்த அளவில் மூன்றரை மில்லிமீட்டர்கூட வராது. பின் டயரின் மேல்விளிம்பில் அந்த அகலத்துக்குச் செம்மண் நிறத்தைத் தொட்டு வைத்தேன்.

மறுபடியும் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பக்கத்து டயர்லயும் மண்ணு வை. நாங்க ரெண்டு பக்கமும் ஏறுவோம்."