ஸ்டெரோல்

ஹட்டன் பக்கத்தில் கிளினிக் போய்வருபவர்கள் ‘சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல்’ என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். மூன்றாவது பெயருக்குள் இருப்பதுதான் ஸ்டெரோல். கிரேக்கத்தில் ‘கோலே’ பித்தம், ‘ஸ்டெரியோஸ்’ திண்மம். பித்தக்கல்லில் கிடைத்த பொருளுக்குப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கொலெஸ்டரின்’ என்று பெயரிட்டார். அது ஓர் அற்ககோல் என்று தெரிந்தபின் ‘ஓல்’ ஈறு வந்தது.

கொலஸ்ட்ரோலை நோயின் பெயராகவே பழகிவிட்டோம். ஆனால் இது இல்லாமல் செங்குழியம் நிலைக்காது. அதன் மென்சவ்வில் பொஸ்போலிப்பிட்டு ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு கொலஸ்ட்ரோல் மூலக்கூறு உண்டு. விறைப்பான அதன் வளையங்கள் பொஸ்போலிப்பிட்டுகளின் கொழுப்பு வால்களுக்கு இடையில் செருகி நிற்பதால், சவ்வு தளர்ந்து கசிவதுமில்லை, குளிரில் இறுகிப்போவதுமில்லை. கருவில்லாத செங்குழியத்தால் கொலஸ்ட்ரோலைத் தானே ஆக்க முடியாது. ஏறத்தாழ 120 நாள் ஆயுள் முழுவதும் குருதித் திரவத்தோடு அதைப் பரிமாறிக்கொள்கிறது.

சவ்வு ஸ்டெரோலை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதைக் காட்டும் பொருள் தேயிலைச் செடியிலேயே இருக்கிறது. தேயிலை விதையிலுள்ள சபோனின் என்ற அந்தப் பொருள், கொலஸ்ட்ரோல் போன்ற ஸ்டெரோலைப் பற்றிக்கொண்டு சவ்வைத் துளைக்கும், செங்குழியம் உடைந்துவிடும். இறால் குளங்களில் வேண்டாத மீன்களை அழிக்கத் தேயிலை விதைப் பிண்ணாக்கு இடுவது இதனால்தான். செங்குழியமே இல்லாத இறால் தப்பிவிடுகிறது. நாம் குடிக்கும் தேநீரால் இப்படி எதுவும் நேராது.