வியர்வையும் கம்பளியும்: ஜும்ஆக் குளிப்பு தொடங்கிய வரலாறு

ஜும்ஆ நாளில் குளிப்பது நபிவழி என்பதை நம் இல்லங்களில் சிறு பிள்ளையும் அறியும். அது எந்தச் சூழலில் தொடங்கியது என்பதை அறிந்தோர் குறைவு. உடல் வாடையால் வருந்தும் ஒருவரை நாம் எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு அந்த வரலாற்றில் நல்ல பாடம் இருக்கிறது.

ஹிஜ்ரத்துக்குப் பின், கி.பி. 622இல் எழுந்த மஸ்ஜிதுந் நபவி இன்று நாம் காணும் பள்ளியைப் போன்றதன்று. சுவர்கள் சுடாத மண்கல்லால் ஆனவை. தூண்கள் பேரீச்ச மரத் தண்டுகள். கூரையும் பேரீச்ச மட்டைகளே. மதீனாவின் புறத்தே அவாலி என்னும் பகுதியில் இருந்த சிற்றூர்களிலிருந்தும் மக்கள் ஜும்ஆவுக்கு முறைவைத்து வந்தனர். அவர்கள் தம் வேலையைத் தாமே செய்த உழைப்பாளிகள். புழுதி படிந்து, வியர்வை வழிய, உழைத்த கோலத்திலேயே வந்து சேர்வர் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். இந்த நாளுக்காகத் தூய்மை செய்துகொண்டு வந்தால் நன்றாயிருக்குமே என்று நபி (ஸல்) அவர்கள் அவர்களிடம் இதமாகக் கூறினார்கள்.

பிற்காலத்தில் இராக்கிலிருந்து வந்த சிலர், ஜும்ஆக் குளிப்பு கட்டாயமா என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வினவினர். கட்டாயமன்று, ஆயினும் அது சிறந்தது என்று விடையளித்த அவர்கள், அது தொடங்கிய விதத்தையும் விளக்கினார்கள். மக்கள் வறுமையில் இருந்தனர், கம்பளி உடுத்தினர், முதுகில் சுமை சுமந்தனர். பள்ளி குறுகியது, கூரை தாழ்ந்தது. வெப்பம் மிகுந்த ஒரு நாளில் கம்பளிக்குள் வியர்வை ஊறி, ஒருவர் வாடை மற்றவரை வருத்தியது. அதை உணர்ந்த நபி (ஸல்) அவர்கள், இந்நாளில் குளியுங்கள், தம்மிடம் உள்ளவற்றில் நல்ல எண்ணெயையும் நறுமணத்தையும் பூசிக்கொள்ளுங்கள் என்று அனைவருக்கும் பொதுவாக அறிவுறுத்தினார்கள். பின்னர் அல்லாஹ் செழிப்பை அருளினான். கம்பளி போய் வேறு உடை வந்தது, வேலைச்சுமை குறைந்தது, பள்ளியும் விரிவானது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூண்டு உண்டவர் அந்த வாடையோடு பள்ளியை நெருங்க வேண்டாம் என்று தடுத்த அதே நபி (ஸல்) அவர்கள், உழைப்பாளியின் வியர்வைக்கு அந்தத் தடையை விதிக்கவில்லை. பூண்டு உண்பது ஒருவர் விருப்பம்; வியர்வையோ அவர் பிழைப்பு. எனவே ஒருவரைச் சுட்டாமல், ஊர் முழுவதற்கும் ஒரு குளிப்பு வந்தது.

இந்த அறிவிப்பைப் பல ஆண்டுகள் பாடம் நடத்திய நாமே ஒருமுறை இதை மறந்தோம். விடுதி மாணவர் ஒருவரின் வாடை குறித்துப் பிள்ளைகள் முறையிட்டபோது, அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பினோம். பிறகே விசாரித்தோம். அவரிடம் இருந்தவை இரண்டே பாலியெஸ்டர் சட்டைகள். அவையும் மழைக்காலத்தில் அறைக்குள்ளேயே ஈரமாய்க் கிடந்து உலர்ந்தவை. உடையும் இடமும்தான் காரணம் என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொல்லிக்கொடுத்தது நம் கண்ணெதிரே இருந்தது. அன்று நாம் வெட்கினோம்.

வியர்வைக்குத் தன்னளவில் பெரிதாக வாடை இல்லை. அக்குள் போன்ற இடங்களில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போதே நாற்றம் பிறக்கிறது. பாலியெஸ்டர் துணி பருத்தியைவிட அதை அதிகம் பிடித்து வைக்கும். ஆகவே வியர்த்த சட்டையை மறுநாளும் அணியலாகாது. உட்புறம் வெளியே வரத் திருப்பி, அக்குள் பகுதியில் சோப்பிட்டுக் கசக்கி, நன்கு அலசி, வெயிலிலோ காற்றோட்டத்திலோ முழுவதும் உலர்த்த வேண்டும். அழுக்குத் துணியின்மேல் அத்தர் பூசுவது தூய்மையாகாது. அழுக்காடை அணிந்த ஒருவரைக் கண்டபோது, துவைக்க இவருக்கு ஏதும் கிடைக்கவில்லையா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். அக்குள் முடியை 40 நாட்களுக்கு மேல் விடலாகாது என்னும் நெறியும் இதற்குத் துணை செய்வதே. இத்தனைக்கும் பின் வாடை நீங்காவிடில் அது உடல்நலம் சார்ந்ததாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுவதில் வெட்கம் வேண்டியதில்லை.

வீட்டில் ஒரு பிள்ளைக்கு இந்தச் சிரமம் இருந்தால், உடன்பிறந்தோர் முன் அதைச் சொல்லிக் காட்டாதீர்கள். வெள்ளிக்கிழமை காலையில் வீடு முழுவதும் குளிக்கட்டும். எல்லோருடைய துணியும் வெளுக்கட்டும். மதீனாவில் நடந்தது அதுதான்.

அல்லாஹ் நம் உள்ளத்தையும் உடலையும் உடையையும் தூய்மையாக்குவானாக. ஆமீன்.